சாமல்பட்டியிலிருந்து ஒருவர்

யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் கேட்பது, "எங்கிருந்து வர்றீங்க?" என்றுதான். பதில் சொன்னால் அடுத்த கேள்வி, "எந்த வழியா வந்தீங்க?" கூரியர் கொண்டுவருகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், உர மூட்டை இறக்க வந்த லாரி ஓட்டுநர் என்று ஒருவரையும் விட்டதில்லை. கேட்டுவிட்டு, அந்தப் பதிலோடு அவளும் கொஞ்ச தூரம் போய்விட்டு வருவாள். கெலமங்கலம் வழியாக வந்தேன் என்று ஒருவர் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போன பிறகும், அவள் பேனாவைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தச் சாலையின் புளியமரங்கள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அதையே அவளிடம் யாராவது திருப்பிக் கேட்டால் மட்டும், "பஸ் ஸ்டாண்டுலருந்து" என்பாள். சொந்த ஊர் எது என்றாலும் அதே பதில்தான். கிண்டல் செய்கிறாள் என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அதற்கு மேல் பின்னால் போக அவளுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

ஓசூரிலிருந்து தளிக்குப் போகிற சாலையில் ஒரு நாற்றுப் பண்ணை. அங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் இருக்கும். தக்காளி, மிளகாய், குடைமிளகாய், முட்டைக்கோஸ் எல்லாம் குழித்தட்டுகளில் முளைத்து வெளியூர்களுக்கு வண்டியேறும். வெள்ளை ஷீட் போர்த்திய பாலிஹவுஸ்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள்தான் அலுவலகம். காலையில் பனி இறங்கியிருக்கும்போது பாலிஹவுஸ் எது, மூட்டம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே வேலை செய்கிறவர்கள் பேசும் கன்னடமும் தெலுங்கும் தமிழும் அந்த வெள்ளைக்குள்ளிருந்து மெல்லக் கசிந்து வரும்.

படம் எடுப்பதும், நோட்டீஸ், சுவரொட்டி வடிவமைப்பதும் என் வேலை. அந்த விளம்பரங்களைப் பார்த்து எத்தனை பேர் எங்கள் இணையப் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று பார்ப்பது அவளுடைய வேலை. என்னைவிட நான்கு வயது சின்னவள். என்னை அண்ணா என்பாள்.

அவள் செய்ததை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். விளம்பரத்தில் நம் பக்கத்தின் முகவரியைக் கொடுக்கும்போது, அதன் முடிவில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதற்குப் பின்னால் மூன்று விவரங்களை ஒட்டிவிடுவாள். ஆள் எங்கிருந்து வருகிறார், எதன் வழியாக வருகிறார், எந்த விளம்பரத்தைப் பார்த்து வருகிறார். பார்க்கிறவருக்கு அதெல்லாம் தெரியாது. அவர் தொட்டதும் பக்கம் திறக்கும். ஆனால் வரும்போதே முதுகில் ஊர்ப் பெயரை ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார். வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு லிங்க், முகநூலுக்கு ஒரு லிங்க், உரக்கடைச் சுவருக்கு ஒரு லிங்க் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் செய்வாள். சுவரொட்டி என்றால் லிங்க்கைக் கட்டம் போட்ட சதுரமாக மாற்றித் தருவாள். கடைகளில் பணம் அனுப்பப் போனைக் காட்டுகிறோமே, அதே மாதிரி சதுரம்.

எந்த ஒட்டும் இல்லாமல் வருகிறவர்கள் அறிக்கையில் தனி வரியில் கிடப்பார்கள். நேராக வந்தவர்கள் என்று அந்த வரிக்குப் பெயர். அது அவளுக்குப் பிடிக்காது. "நேரா யாருண்ணா வர்றாங்க? எல்லாரும் எதையோ பாத்துட்டு, யாரையோ கேட்டுட்டுதான் வர்றாங்க. நமக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்பாள்.

ஒருமுறை அவள் விடுப்பில் இருந்தபோது முதலாளியே தளிக்கு ஒரு லிங்க் செய்துவிட்டார். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடிக்கும்போது முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டுவிட்டார். திரும்பி வந்தவள் அறிக்கையைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுடைய பட்டியலில் எல்லாம் சின்ன எழுத்து. பெரிய எழுத்துத் தளியும் சின்ன எழுத்துத் தளியும் கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு ஊர்கள் என்று முதலாளிக்குப் பொறுமையாக விளக்கினாள். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் தெரியாமல் இரண்டு வரிசையில் நிற்கிறார்கள் என்று அவள் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

இன்னொரு நாள் நான் ஒரு யோசனை சொன்னேன். நம் பக்கத்துக்குள்ளேயே ஒரு படத்தைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கிறதே, அந்த லிங்க்குக்கும் ஒரு ஒட்டு போட்டால் என்ன என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வீட்டுக்குள்ள வந்துட்டவங்கள, ஒரு ரூம்லருந்து இன்னொரு ரூமுக்குப் போறப்ப எங்கிருந்து வர்றீங்கன்னு கேக்கக் கூடாதுண்ணா. கேட்டா, அவங்க முதல்ல எங்கிருந்து வந்தாங்கங்கறது அழிஞ்சி போயிடும்."

தொழில்நுட்பத்தில் அது உண்மைதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது அவள் சொன்ன விதத்தில் எனக்கு அது வேறு ஏதோவாகக் கேட்டது.

இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பெங்களூரில் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்துப் போனாள். கொஞ்ச நாள் போனில் பேசினோம். பிறகு எண் மாறிவிட்டது. நானும் பண்ணையை விட்டு வந்து ஓசூரில் ஸ்டுடியோ வைத்துவிட்டேன். ஆனால் சுவரில் ஒட்டியிருக்கிற சதுரம் எதைப் பார்த்தாலும், இதற்குப் பின்னால் யாராவது ஒருத்தி உட்கார்ந்து ஊர்ப் பெயரைச் சின்ன எழுத்தில் அடித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மிளகாய் நாற்றுக்காக ஊத்தங்கரைப் பக்கம் சுவரொட்டி ஒட்டிய பருவம் அது. கல்லாவி, சாமல்பட்டி, மத்தூர் என்று ஊருக்கு ஒரு சதுரம். சதுரத்துக்கு நேராகப் போனைப் பிடித்தால் எங்கள் பக்கம் திறக்கும். பக்கத்தின் மேலே நான் எடுத்த படம் ஒன்று பெரிதாக இருக்கும். குழித்தட்டை இரண்டு கையாலும் மார்பளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். பின்னால் பாலிஹவுஸின் வெள்ளை வெளிச்சம்.

அந்தப் பெண் பவித்ரா. எங்கள் பண்ணையில் தட்டுகளில் விதை போடும் பிரிவில் இருந்தாள். வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்தவள். கணவன் ஓசூர் சிப்காட்டில் ஏதோ கம்பெனியில் ஷிப்ட் வேலை. இவ்வளவுதான் எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் எங்கிருந்து வர்றீங்க என்று கேட்கிறவள், பவித்ராவிடம் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

பருவம் முடிந்தது. ஊர் ஊராக எண்கள் குறைந்து, ஒவ்வொரு வரியும் பூஜ்யமாகிப் படுத்தது. சாமல்பட்டி மட்டும் படுக்கவில்லை. தினமும் ஒன்று. இரண்டரை மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில், ஒரே ஒருவர்.

மூன்று வாரம் அவள் யாரிடமும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். திரையில் ஒரே அளவில் புள்ளிகள், ஒரு நாளுக்கு ஒன்றாக, நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தன. யாராவது மறதியாகத் தட்டுகிறார்கள் என்றேன்.

"தினமுமா மறப்பாங்க?" என்றாள்.

முதலாளி அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டு அடுத்த பருவத்துக்குப் புதிதாகச் செய்யச் சொல்லியிருந்தார். அவருக்கு வீட்டில் கன்னடம். அவள் இந்தப் புள்ளிகளைக் காட்டிக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னபோது, "ஒந்து ஆளுக்காக ஒந்து பக்கம் வெச்சிக்கறதா? பேடாம்மா" என்றார், வேண்டாம் என்று தலையை ஆட்டி. அவள் ஒரு வாரம் மட்டும் கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கிருஷ்ணகிரியில் மாறி ஊத்தங்கரை பஸ் ஏறினோம். எங்கே இறங்க வேண்டும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. சாமல்பட்டி வருவதற்கு முன்பே எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். வழி தெரியுமா என்று ஆச்சரியத்தோடு கேட்டேன். "எங்க ஊரு கல்லாவி. இங்கருந்து பக்கம்தான்" என்றாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லையா என்று நான் கேட்கவில்லை.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாயின் டீக்கடையில் எங்கள் சுவரொட்டி இருந்தது. வெயிலில் மிளகாயின் சிவப்பு வெளுத்துப்போயிருந்தது. சதுரம் மட்டும் கறுப்பாக அப்படியே இருந்தது. டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அதன் சத்தம் தேய்ந்து முடிந்தபோது அவர் வந்தார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோளில் துண்டு, கையில் காலித் தூக்குவாளி. ஒன்றும் பேசவில்லை. பாய் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தார், சுவரொட்டிக்கு நேராகப் பிடித்தார், அவரிடம் கொடுத்தார். அவர் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் திரை அணைந்தது. அதை எப்படி எழுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. பாயிடம் நீட்டினார். பாய் தொட்டுக் கொடுத்தார். இப்படி மூன்று முறை. பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே நடந்து போனார்.

அவள் கையில் டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

நாங்கள் அந்தப் பண்ணையிலிருந்துதான் வருகிறோம் என்று நான் பாயிடம் சொன்னேன். அவர் முதலில் பயந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். மிளகாய் நாற்று வாங்கலாம் என்று பாய்தான் முதலில் போனைக் காட்டிப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்ததும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டாராம். படத்தில் இருந்தது அவருடைய மகள். போய் ஒன்றரை வருடமாகிறது. வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது. அண்ணன்கள் இரண்டு பேர். அவர்கள் கோபம் இன்னும் அடங்கவில்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால்தான் தினமும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு இங்கே வருகிறார்.

"பொண்ணு எங்க இருக்குதுன்னு அவருக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

"நோட்டீஸ்லயே தளின்னு போட்டிருக்குதேம்மா. மொத நாளே படிச்சிட்டாரு. போயிட்டு வாங்களேன்னு நானும் சொன்னேன். நான் போனா என் பின்னாடியே பசங்களும் வந்துருவானுங்க பாய்ன்னுட்டாரு."

அவள் எழுந்தாள். பாயிடம் கத்தரிக்கோல் வாங்கி, சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். ஊரும் பெயரும் போன் எண்ணும் இருந்த மிச்சச் சுவரொட்டியைச் சுவரிலிருந்து கிழித்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். சதுரத்தை பாய் பிஸ்கட் டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார். அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

திரும்பும் பஸ்ஸிலிருந்தபடியே அவள் போனில் எங்கள் பக்கத்திலிருந்து பவித்ராவின் படத்தை எடுத்துவிட்டாள். மற்ற ஊர்ச் சதுரங்களும் அதே பக்கத்துக்குத்தான் போகும். வேறு யாரும் பார்த்துவிட்டால் என்ன ஆவது?

"இத்தன நாளா யாரு எங்கிருந்து நம்மகிட்ட வர்றாங்கன்னு பாத்தேண்ணா," என்றாள். "நம்ம பக்கத்தப் பாத்துட்டு யாரு கெளம்பி நேர்ல வரலாம்னு யோசிக்கவே இல்ல."

மறுநாள் காலை பவித்ராவிடம் சொன்னாள். பவித்ரா விதை போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. ஒரு குழிக்கு ஒரு விதை. அந்தத் தட்டு முடிந்ததும் நிமிர்ந்து, "படத்த எடுத்துட்டீங்கல்ல? அப்படியே விட்டுடுங்கக்கா" என்றாள். பிறகு அடுத்த தட்டை இழுத்துக்கொண்டாள்.

அன்று இரண்டே முக்காலுக்கு சாமல்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். படம் இல்லாத பக்கத்தில் நாற்று வகைகளின் பட்டியல்தான் இருந்தது. மூன்றாம் நாள் அவள் பவித்ராவிடம் போய், "படம் இல்லன்னு தெரிஞ்சும் வர்றாரு. பாத்துட்டுப் போறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

நான்காம் நாள் பவித்ரா அலுவலக வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"எங்கப்பா மட்டும்தான் பாக்கறாருன்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமாக்கா?"

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான் வருது. நான் பாத்துக்கிட்டே இருப்பேன். ரெண்டாச்சுன்னா அந்த நிமிஷமே எடுத்துடுவேன்."

"பாய்க்கு போட்டோவா அனுப்பிடாதீங்க. போன்ல தங்கிட்டா யாரு கைக்குப் போகும்னு தெரியாது."

அப்படித்தான் அந்தப் பக்கம் உருவானது. பிஸ்கட் டப்பா மூடியில் ஒட்டியிருந்த சதுரத்துக்கு மட்டும் திறக்கிற பக்கம். பெயர் இல்லை, ஊர் இல்லை, எண் இல்லை. ஒரு படம். மாதத்துக்கு ஒருமுறை நான் புதிதாக எடுத்துக் கொடுப்பேன். எதைப் போடலாம் என்று பவித்ராதான் சொல்வாள். பின்னணியில் வெள்ளை ஷீட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்வோம். எங்கே நிற்கிறாள் என்றே தெரியாது. ஏதோ மேகத்துக்கு நடுவில் நின்று பார்ப்பது போலிருக்கும். புதுப் புடவையில் ஒரு படம். கையில் குடைமிளகாயோடு ஒன்று. முடியை முன்னால் போட்டுக்கொண்டு ஒன்று, அது அப்பாவுக்குப் பிடிக்கும் என்றாள். பிறகு வயிறு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒன்று. அன்று பவித்ரா மூன்று முறை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

தினமும் இரண்டரைக்கு அவள் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஒன்று என்று வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள். சில நாள் அங்கே மழை பெய்து சிக்னல் இருக்காது. பூஜ்யமாகவே கிடக்கும். அந்த நாட்களில் அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் ஒரு நிமிடம் கழித்துத்தான் வரும். ஒருநாள் முதலாளி பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டார். விஷயம் முழுவதையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பவித்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பத்து நாள் குழந்தையின் படத்தைப் போட்ட அன்று, அவர் திரையை ஒன்பது முறை எழுப்பச் சொன்னதாக பாய் போனில் சொன்னார்.

குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும்போதுதான் அது நடந்தது. அன்று இரண்டரைக்கு வழக்கம்போல ஒன்று வந்தது. நான்கரை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும் நேரம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கடைசியாக ஒருமுறை திரையைப் பார்த்தாள். இரண்டு என்று இருந்தது.

அவள் நின்றபடியே பக்கத்தை எடுத்துவிட்டாள். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. பிறகுதான் பாயைக் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. பவித்ராவை வீட்டுக்குப் போக விடாமல் அலுவலகத்தில் உட்கார வைத்தோம். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கணவனுக்குச் சொல்லியனுப்பினோம். வாசலில் எந்த வண்டி நின்றாலும் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம்.

அரை மணி நேரம் கழித்து பாயே கூப்பிட்டார்.

பவித்ராவின் அப்பா மதியம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பசங்கள் இரண்டு பேரும் வெளியூர் போய்விட்டதால், அவசர அவசரமாக வீட்டுக்குப் போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு திரும்ப வந்திருக்கிறார். ஒன்றரை வருடமாகத் தான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததை அன்றுதான் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். பாய் போனைக் காட்டியதும் பக்கம் திறந்திருக்கிறது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அந்த அம்மா போனை வாங்குவதற்குள் திரை அணைந்துவிட்டது. பாய் மறுபடி சதுரத்தைக் காட்டித் திறந்தபோது ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

"அந்தம்மா கொஞ்ச நேரம் அந்த வெள்ளையையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் போயிட்டாங்க" என்றார் பாய்.

அவள் போனை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நீ செய்தது சரிதான் என்று நான் சொன்னேன். பவித்ராவும் சொன்னாள். அவள் காதில் அது ஏறவில்லை. பக்கத்தைத் திரும்பப் போட்டாள். மறுநாள் பஸ் ஏறி, தனியாகச் சாமல்பட்டிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாளாம். எங்கே தங்கினாள் என்று கேட்டதற்கு, "வீட்டுக்குப் போனேன்" என்றாள். எத்தனை வருடம் கழித்து என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் அந்த அம்மா தனியாக வந்திருக்கிறார். நடந்ததை இவள் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவளுடைய போனில் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டாராம். காது குத்தியாச்சா என்று முதலில். இன்னும் இல்லை என்றிருக்கிறாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டாவது.

தளி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது அவள் குரல் எங்கிருந்தோ வருவது போலிருந்தது.

"யாரு மடியில வெச்சுக் குத்துவாங்கன்னு கேட்டாங்கண்ணா."

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாது என்றுதான் இத்தனையும். பஸ் மூட்டத்துக்குள் நுழைந்து, தைல மரங்கள் கறுப்புக் கோடுகளாக வந்து வந்து மறைந்துகொண்டிருந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. நான்தான் சொன்னேன்.

"நான் வெச்சிக்கறேன்மா."

பண்ணையிலேயே நடந்தது, குழித்தட்டுகளை ஒதுக்கிவிட்டு நிழல்வலைக்குக் கீழே. தளியிலிருந்து ஆசாரி வந்தார். முதலாளி வீட்டிலிருந்து வாழைப்பழமும் வெல்லம் கலந்த பொட்டுக்கடலையும் வந்தன. நான் வேட்டி கட்டிக்கொண்டு மணைப்பலகையில் உட்கார்ந்தேன். பவித்ராவின் கணவன் குழந்தையை என் மடியில் வைத்தான். படம் எடுக்க ஆள் இல்லாததால் கேமராவை அவளிடம் கொடுத்திருந்தேன். எதை அழுத்த வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தேன்.

ஆசாரி கம்பியை வைத்ததும் குழந்தை வீறிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானை அழுத்திவிட்டாள். அன்று அவள் எடுத்ததில் ஒரே ஒரு படம்தான் தேறியது. அதிலும் என் முகம் இல்லை. கழுத்துக்குக் கீழே சட்டையும் மடியும், அழுகிற குழந்தையின் வாய், அதன் தலையைப் பிடித்திருக்கிற பவித்ராவின் கை. அவ்வளவுதான். வேறு நல்ல படமாக எடுத்துத் தருகிறேன், குழந்தையைச் சிரிக்க வைத்து எடுக்கலாம் என்றேன். இதுவே போதும் என்று பவித்ரா சொன்னாள். அதையே போட்டார்கள்.

மறுநாள் மூன்று மணிக்கு மேல் பாய் போன் செய்தார். பவித்ராவின் அப்பாவும் அந்த அம்மாவும் சேர்ந்தே வந்திருந்தார்களாம். முகம் தெரியலையே, இது யார் மடி என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். பாய் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். பண்ணையில் வேலை பார்க்கிற ஒருத்தர், ஒருமுறை என் கடையில் டீ குடித்தவர் என்று.

"மாமன் மடிதான், வேற யாரு மடியில வைப்பாங்கன்னு சொல்லிட்டேன்மா. அதுக்கப்புறம் அவங்க ஒண்ணும் கேக்கல. ரெண்டு டீ சொன்னாங்க. உக்காந்து குடிச்சிட்டுத்தான் போனாங்க."

அவள் போனை வைத்துவிட்டு எழுந்து விதை போடும் கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். பாய் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் பவித்ராவிடம் சொன்னாள். பவித்ரா முழுவதும் கேட்டுக்கொண்டாள். விதை பிடித்த விரல்கள் தட்டுக்கு மேலே அப்படியே நின்றன.

"எங்கம்மா கடையில உக்காந்து டீ குடிச்சதே இல்லக்கா" என்றாள்.